வீட்டின் ஒரே கத்தி

அந்த மனிதர் மடக்குக் கத்தியைக் காதருகே கொண்டுபோய் மடக்கிப் பார்க்கிறார். 'டக்' என்று விழுந்தால் முகம் கொஞ்சம் தெளிகிறது. 'தொப்' என்று விழுந்தால் உதட்டைப் பிதுக்கிக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிறார். கட்டைவிரல் நகத்தை அலகிலுள்ள பள்ளத்தில் கொடுத்து இழுக்கிறார், பாதியில் நிறுத்துகிறார், முழுக்கத் திறக்கிறார், மறுபடி காது. கத்திக்கடைக்காரர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். மனிதர் இன்றைக்கும் வாங்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு யாராவது என்றால் இந்நேரம் "வேணுமா வேணாமா சார்" என்று கேட்டிருப்பார். இவரிடம் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம்.

"ஸ்பிரிங் இன்னும் முறுக்கா இருக்கணுங்க. திறந்தா என் நகமே ஒடியணும். அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்கிறார்.

மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் சுலபமாகத் திறக்கிறதைத்தான் கேட்பார்கள். திறக்க வராததைக் கேட்டுக்கொண்டு வாராவாரம் வருகிற ஆள் இவர் ஒருவர்தான். போன வாரம் கடைக்காரர், போனால் போகிறதென்று, பூட்டு வைத்த கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். திறந்தால் கடக்கென்று பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது, இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று விளக்கினார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பூட்டுங்கறது மூடிக்காம இருக்கறதுக்குத்தானே? எனக்கு வேண்டியது திறந்துக்காம இருக்கறது" என்றார். கடைக்காரர் அதற்கப்புறம் எதையும் சிபாரிசு செய்வதில்லை.

பேருந்து டிப்போவில் இவருக்கு 'மெத்தை' என்று பெயர். பயணிகள் கிழித்த இருக்கைகளைப் பிரித்து, மக்கிப்போன ஸ்பாஞ்சைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிது வைத்து, மேலே ரெக்சின் போர்த்தித் தைப்பது வேலை. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. தோள்பட்டை எலும்பு இரண்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சீட்டைப் பிரித்தால் சீப்பு கிடைக்கும், கொண்டை ஊசி கிடைக்கும், மென்று துப்பிய மிட்டாய் கிடைக்கும், ஒருதரம் பல்செட்டே கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு தகரத்தில் போட்டு வைப்பார், யாராவது கேட்டு வருவார்கள் என்று. இதுவரை யாரும் வந்ததில்லை.

தைத்து முடித்த சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். இவருக்கு முன்னால் இருந்தவர் அந்தச் சட்டத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெகுநேரம் கடைப்பிடிப்பாராம், குறட்டையோடு. இவர் உட்கார்வார், இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பார், எழுந்துவிடுவார். "உக்காந்தா கண்ணு இழுத்துக்கிட்டுப் போகுதுங்க. தூங்கிட்டா அப்புறம் யாரு பாத்துக்கறது" என்பார். பஸ்ஸைத்தான் சொல்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு, பேச்சின் நடுவே கொட்டாவி, எதையாவது எடுக்கப் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பது, இதெல்லாம் டிப்போவில் பழகிவிட்டது.

பேன்ட்டின் வலப்பக்கப் பை மட்டும் துணியில்லை, நீல ரெக்சின். துணிப்பை கத்தியின் கனத்துக்குத் தாங்கவில்லை, ஆறு மாதத்தில் ஓட்டை விழுந்தது. அதனால் மிச்சமான சீட் ரெக்சினில் தானே பை தைத்துக்கொண்டார். கத்தியின் பின்புறத்து வளையத்திலிருந்து பெல்ட்டுக்கு ஒரு மெழுகு நூல் ஓடும், அதுவும் சீட் தைக்கிற நூல்தான். நடந்தால் பை கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். "மெத்தை வர்றாரு, யாராச்சும் எண்ணெய் போடுங்கப்பா" என்று டிரைவர்கள் கத்துவார்கள். இவர் அசடு வழியச் சிரிப்பார். ஆனால் அந்தக் கத்தியை யாருக்கும் கொடுக்கமாட்டார். பழம் நறுக்கக் கேட்டாலும் சரி, பார்சல் பிரிக்கக் கேட்டாலும் சரி, வேலைக்கு வைத்திருக்கும் நீளக் கத்தியைத்தான் எடுத்து நீட்டுவார். "இது வீட்டுக் கத்திங்க" என்பார். வீட்டுக் கத்தியை எவனாவது பேன்ட் பையில் போட்டுக்கொண்டு அலைவானா? கஞ்சப்பயல் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அவர் சொன்னதோ அட்சரசுத்தமான உண்மை. அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு கத்திதான்.

இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டிய காயையெல்லாம் இவர் நறுக்கி வைப்பார். வெங்காயம் ஒரு கிண்ணம், உருளைக்கிழங்கு ஒரு கிண்ணம், பீன்ஸ் ஒரு தட்டு. நறுக்கியதும் கத்தியைத் தண்ணீரில் காட்டி, துடைத்து, மடக்கிப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு பேன்ட்டை அறைக்கதவு ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். சமையலறையில் வேறு கத்தி கிடையாது, அரிவாள்மணை கிடையாது, தோல் சீவியும் கிடையாது. கத்தரிக்கோல், பிளேடு, கண்ணாடித் தம்ளர் எதுவும் இல்லை. முகச்சவரத்துக்குக்கூடச் சலூனுக்குத்தான் போவார். நடுவில் வளர்கிற தாடியோடுதான் வாரத்தில் பாதி நாள் இருப்பார்.

மனைவிக்கு ஒரு வருஷம் மனசு சரியில்லாமல் போயிற்று. இப்படித்தான் அவர் சொல்வார், காய்ச்சல் வந்துபோனதைச் சொல்கிற மாதிரி. ஒருநாள் சாயங்காலம் அவர் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்கு வந்ததால் அவள் பிழைத்தாள். அதற்குமேல் அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, கூரான சாமான் எதுவும் கொஞ்ச நாளைக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே அவர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி டிப்போவில் கொடுத்துவிட்டார். இருப்பதிலேயே முறுக்கான ஒரு மடக்குக் கத்தியாகப் பார்த்து வாங்கி உடம்போடு கட்டிக்கொண்டார்.

கொஞ்ச நாள் ஆயிற்று, ரொம்ப நாளும் ஆயிற்று. மருந்து பாதியானது, அப்புறம் நின்றே போனது. "இனிமே வீடு பழையபடி இருக்கட்டும், நீங்களும் நிம்மதியா இருங்க" என்று அதே டாக்டரம்மாதான் சொன்னார். சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம் என்று நினைத்தார். அந்த ஒரு மாசம் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. படுக்கும்போதும் கத்தி தலையணைக்கு அடியில் இருக்கும். மாடிப்படியில் பூனை நடந்தால் விழிப்பார், மனைவி புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை காலம் தூங்காமல் இருக்க முடியும்? இவர் இருந்தார்.

அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. வீட்டுக்கு யாராவது பழம் வாங்கி வந்தால் முழுப் பழமாகவே தட்டில் வைத்துக் கொடுப்பாள். வந்தவர்கள் பழத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்க அவர் வருகிறவரைக்கும் காத்திருப்பாள். ஒருகாலத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் அவள் தைத்துக் கொடுத்ததுதான். கத்தரிக்கோல் போனபோது தையலும் போயிற்று. மிஷின் மூலையில் உறை போட்டு நிற்கிறது. அவளுக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார். ஒருமுறை வீட்டுக்கு வந்த அவள் தங்கைதான் பட்டென்று போட்டு உடைத்தாள். "அத்தான், அக்காவுக்கு எப்பவோ சரியாயிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் ஆகல" என்றாள். இவர் சிரித்து மழுப்பிவிட்டு, அவள் கொண்டுவந்த ஆப்பிளை நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பூசணிக்காய் நறுக்குகையில் கத்தியின் ஸ்பிரிங் படீரென்று விட்டுப்போனது. அலகு தொளதொளவென்று ஆடியது. குழந்தைகூட ஊதித் திறந்துவிடலாம். அவருக்கு உயிரே போய்விட்டது. அதன் மேல் மெழுகு நூலை வரிவரியாகச் சுற்றிக் கட்டி, சீட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். காலையில் அவிழ்ப்பது, ஆடுகிற கத்தியால் நறுக்கி விரலையும் சேர்த்து நறுக்கிக்கொள்வது, மறுபடி சுற்றிக் கட்டுவது. ஆள்காட்டி விரலில் கட்டோடு கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினார். அந்த அலைச்சலின் கடைசி நிறுத்தம்தான் இந்தக் கண்ணாடிப் பெட்டி.

எலும்புக் கைப்பிடி போட்டதைப் பார்த்தாயிற்று, மரம் போட்டதைப் பார்த்தாயிற்று. இரட்டை அலகு வேண்டாம், ஒன்றைப் பார்த்துக்கொள்வதற்கே தாவு தீர்கிறது என்றார். நீளம் போதும் என்றால் முறுக்குப் போதவில்லை. முறுக்கு இருந்தால் நகப்பள்ளம் பெரிதாக இருக்கிறது, பிடி கிடைத்துவிடும். கடைக்காரர் அலுத்துச் சலித்துப்போய், "பழைய கத்தியையாவது காட்டுங்க, அதே மாதிரி ஒண்ணு வரவழைக்கிறேன்" என்றார்.

இவர் நூலைப் பிரித்துக் கொடுத்தார். கடைக்காரர் விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அலகு கறுத்துத் தேய்ந்திருந்தது, ஆனால் ஒரு பொட்டுத் துரு இல்லை. மூட்டின் இடுக்குகூடச் சுத்தமாக இருந்தது. அவர் ஆச்சரியப்பட்டதும் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் ஒண்ணுமே பண்றதில்லீங்க. தண்ணியில காட்டித் துடைப்பேன், அவ்வளவுதான். அத்தனை வெங்காயம் நறுக்கியும் பாருங்க. இரும்பு அப்பிடி" என்றார்.

கடைக்காரர் ஒரு துணி நுனியை மூட்டுக்குள் விட்டுத் திருகி எடுத்து மோந்து பார்த்தார். "இரும்பாவது ஒண்ணாவது. எண்ணெய் போட்டுப் போட்டுத்தான் இப்பிடி இருக்கு. தையல் மிஷின் எண்ணெய். நேத்தோ முந்தாநேத்தோ போட்டிருக்கீங்க" என்றார்.

"எங்க வீட்டு மிஷின் ஓடியே எத்தனையோ வருஷம் ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். துணியை வாங்கித் தானும் மோந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கத்தியை நூல்கூடச் சுற்றாமல் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கடைக்காரர் பரப்பிக் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே வைத்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே மிஷினிடம் போய் உறையைத் தூக்கி, சின்ன இழுப்பறையைத் திறந்து பார்த்தார். எண்ணெய்க் குப்பி இருந்தது. அடிமட்டத்துக்கு வந்திருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கையில் குப்பியைக் கண்டதும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என்றைக்காவது இந்த நேரம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீயா போட்டே?"

"பின்ன? வெங்காயச் சாறு ஊறினா துரு பிடிக்காதா? நீங்க துடைக்கிற அழகுக்கு."

"எப்போ?"

"நீங்க குளிக்கப் போறப்போ. பேன்ட்டு ஆணியிலதானே தொங்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அரிசி களைந்ததைச் சொல்கிற மாதிரி. தினமுமா என்று கேட்டார். தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஆனால் வாங்கின முதல் வாரத்திலிருந்தே என்றாள். நூல் கட்டின பிறகுமா என்றதற்கு, அந்த முடிச்சு என்ன பெரிய வித்தையா, அவிழ்த்து அதே மாதிரி போட்டு வைத்தேன் என்றாள். அவ்வளவு முறுக்கான ஸ்பிரிங்கை எப்படித் திறந்தாய் என்று கேட்டார். அவள் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். நகம் நடுவில் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது. பாத்திரம் தேய்ப்பதால் என்று இத்தனை காலமும் அவர் நினைத்திருந்த நகம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர் நின்ற ஒவ்வொரு காலையிலும் வெளியே அவள் கையில் கத்தி இருந்திருக்கிறது. எது நடந்துவிடக்கூடாது என்று தூங்காமல் கிடந்தாரோ அது அத்தனையும் நடக்கக்கூடிய நேரம். நடந்ததெல்லாம் இரண்டு சொட்டு எண்ணெய். பயமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அழுகையும் வந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பேன்ட்டையும் சேத்து பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போவீங்க." அவள் லேசாகச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "தினமும் அதை எங்கிட்ட கொடுத்துட்டுத்தான் குளிக்கப் போனீங்க. நான் தினமும் எடுத்த இடத்துலயே வெச்சேன். அது உங்களுக்குத் தெரியணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா நீங்களா பாக்கணும்னு இருந்தேன்."

அடுத்த விடுமுறை நாளில் இருவருமாகக் கத்திக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தலையில் கைவைக்கப் போனவர், கூட ஒரு பெண்மணியைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் காதருகே எதையும் கொண்டுபோகவில்லை. ஒவ்வொன்றையும் காய் நறுக்குகிற மாதிரி பிடித்து, பெட்டியின்மேல் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். மரக் கைப்பிடி போட்ட ஒன்று அவள் கைக்கு அமைந்தது. பிளந்த நகத்தை வைத்து இழுத்தாள், முனகாமல் திறந்தது. "இது போதும்" என்றாள். இவர் வாங்கி மடக்கிப் பார்த்தார். 'தொப்' என்று விழுந்தது. இவர் வாயைத் திறந்ததைக் கடைக்காரர் பார்த்தார், மூடியதையும் பார்த்தார். புறப்படும்போது அவள் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோல்களைச் சற்று நேரம் பார்த்தாள். இவரும் அவள் பார்ப்பதைப் பார்த்தார். "அது அப்புறம்" என்று அவளே சொல்லிவிட்டு இறங்கினாள்.

வழியெல்லாம் கத்தி அவர் பையில்தான் வந்தது. தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவள் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் முக்காலியைப் போடவில்லை. குளித்து, உடுத்தி, சமையலறை வாசலில் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் பெல்ட்டிலிருந்து நூலை வளையத்தில் கட்டியிருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவிழ்த்தார். கத்தியை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "பீன்ஸ் முத்தல், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு டிப்போவில் அவர் தைத்த தையலைப் பார்த்து மேஸ்திரி திட்டினார், சரியாகத்தான் திட்டினார். கை நிமிஷத்துக்கு நிமிஷம் வலப்பக்கப் பைக்குப் போய், ஒன்றுமில்லாத ரெக்சினைத் தடவிவிட்டு வந்தது. நூல் நுனி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பி ஓடிவிடலாமா என்று பலமுறை நினைத்தார். போனாலும் என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது? உட்கார்ந்து பார்க்க வேண்டிய சீட்டுகளில் உட்காரவேயில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். முதல் மாடி ஏறி, இரண்டாம் மாடிக்குப் பாதி படி ஏறும்போது காதில் விழுந்தது. டக், டக், டக். நின்றது. அவரும் நின்றார். மறுபடி டக், டக். பழக்கம் விட்டுப்போன கை, தாளம் ஒழுங்காக வரவில்லை. வெங்காயமாக இருக்கும், நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது. கதவு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் தட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்தார்.

மேல்மாடி அம்மாள் கடைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பையோடு ஏறி வந்தபோது மனிதர் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு பையைத் தவறவிட்டாள். உருளைக்கிழங்குகள் படிப்படியாகக் குதித்துக் கீழே உருண்டு போயின. அவர் விழிக்கவில்லை.